நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? பர்மாப் பிரிவினையும் பொன்னேரி வட்டமும்

தமிழ்நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பொன்னேரி வட்டம் இரண்டு பிரிவினைகளின் விளைவுகளை அருகருகே கண்டது. ஒன்று, 1953 அக்டோபர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தது. அதன் தொடர்ச்சியாக எல்லைத் தகராறு குறித்த பட்டாஸ்கர் பரிந்துரை வந்தது. 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த சத்தியவேடு பகுதி ஊர்கள் ஆந்திரத்துக்குப் போக, திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பழவேற்காடு ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரத்திலும், முகத்துவாரத்தை ஒட்டிய தென்பகுதி இந்தப் பக்கமும் அமைந்தன. மற்றொன்று இதற்கு முந்தியது. 1937 ஏப்ரல் 1ஆம் நாள் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து விலகித் தனி ஆட்சிப் பகுதியானது. அதன் கடைசி அலை இந்த வட்டத்தின் கரையைத் தொட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1960களில் பர்மாவை விட்டு வந்தவர்களில் ஒரு பகுதியினர், அப்போது பொன்னேரி வட்டத்துக்குள் இருந்த கும்மிடிப்பூண்டியில் முகாம் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். முதல் பிரிவினையில் ஒருவரும் குடியிருக்கும் உரிமையை இழக்கவில்லை. இரண்டாவதில் லட்சக்கணக்கானோர் இழந்தார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பர்மாவிலிருந்த இந்தியர்களை 'வெளியேற்றப்பட்டவர்கள்' என்று சுருக்கமாகச் சொல்லிவிடும் வழக்கம் இருக்கிறது. அந்தச் சொல் 1942இன் போரையும் 1962இன் ராணுவ ஆட்சியையும் மட்டும் நினைவில் நிறுத்துகிறது. இடையில் வந்த சட்டங்களை வரிசையாகப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் தங்கலாம் என்பதை ஏறக்குறைய எல்லாச் சட்டங்களும் ஒப்புக்கொண்டன. சில தாராளமாகவே ஒப்புக்கொண்டன. ஆனால் நீண்ட நாள் வாழ்ந்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பை ஒவ்வொரு முறையும் வாழ்ந்தவர் தலையிலேயே வைத்தன. உரிமையைக் கரைத்தது இந்த ஏற்பாடுதான் என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

பிரிவினை நடந்தபோது பர்மாவில் இருந்த இந்தியர் சிறு கூட்டம் அல்லர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று மேல்; ரங்கூன் நகரில் பாதிக்கும் அதிகமானோர் இந்தியர். 1920களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். அறுவடை முடிந்து திரும்பியவர்கள் பலர். திரும்பாமல் ஆலைகளிலும் துறைமுகத்திலும் நிலைத்தவர்களும் பலர். அவர்கள் கிளம்பியபோது கடந்தது ஒரே நாட்டின் இரு மாகாணங்களுக்கு இடைப்பட்ட கடலை. அவர்களிடம் கடவுச்சீட்டும் விசாவும் இருந்ததில்லை, தேவைப்படவும் இல்லை. சோழமண்டலக் கரைக்கும் பர்மாவின் பெகுவுக்கும் இடையிலான போக்குவரத்து ஆங்கிலேயருக்கு முற்பட்டது. பழவேற்காட்டின் சாயத் துணிகள் பதினாறாம் நூற்றாண்டிலேயே அந்தத் துறைமுகங்களுக்குப் போயின. வந்துபோன தேதியை எழுதிவைக்கும் பழக்கமே இல்லாத இந்தப் போக்குவரத்துக்குப் பின்னாளில் எழுத்துச் சான்று கேட்டபோது எத்தனை பேரால் காட்ட முடிந்திருக்கும்?

1937இன் ஏற்பாடு இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டது. பர்மா குடியேற்ற ஆணை, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு இந்தியரின் வரவில் புதிய தடை இல்லை என்று மட்டும் சொன்னது. ஏற்கெனவே வாழ்பவர்களின் நிலை என்ன என்று அது வரையறுக்கவில்லை. என் மதிப்பீட்டில் இந்த வரலாற்றின் மிகப் பெரிய தவறு இதுதான். பிரியும் நாளில் அங்கே இருந்தவர்கள் அனைவரும் இனி இன்ன நிலையினர் என்று ஒரே வரியில் எழுதியிருக்க முடியும். இரு நாடுகளும் ஒரே பிரிட்டிஷ் முடியின் கீழ் இருந்தபடியால் எதிர்ப்பும் குறைவாகவே இருந்திருக்கும். அந்த வாய்ப்பு போனபின், அடுத்த ஆண்டே ரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரம் வெடித்தது. 1939இல் ஜேம்ஸ் பேக்ஸ்டர் தலைமையில் குடியேற்றம் பற்றிய விசாரணை தொடங்கியது. இந்தியத் தொழிலாளர் பர்மியரை வேலையிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அவர் கண்டார். பர்மாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முழு உரிமை தர வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த அறிக்கையின் அடிப்படையில் 1941 ஜூனில் கையெழுத்தான இந்திய–பர்மா குடியேற்ற ஒப்பந்தத்தில்தான் சான்றின் ஆட்சி தொடங்குகிறது. 1932 ஜூலை 15க்கும் 1941 ஜூலை 15க்கும் இடையில் மொத்தம் ஏழு ஆண்டுகள் பர்மாவில் வாழ்ந்ததாக மெய்ப்பிப்பவர் 'சலுகை பெற்ற குடியேறி' ஆகலாம்; அவர் தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் பர்மாவை விட்டுப் போனால் அந்தச் சலுகை போய்விடும். காகிதத்தில் ஏழு ஆண்டு என்பது நியாயமான அளவாகவே தோன்றுகிறது. நடைமுறையில், நான்கைந்து ஆண்டு உழைத்து ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்பும் ஆலைத் தொழிலாளிக்கு அந்த ஓராண்டு வரம்பு ஒரு பொறி. காந்தி இந்த ஒப்பந்தத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். இந்தியாவில் எழுந்த எதிர்ப்புக்கு நடுவே ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வருமுன் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மீது குண்டுகள் விழுந்தன. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் கடல்வழியாகவும் அரக்கான், மணிப்பூர்க் காடுகளின் வழியாகவும் வெளியேறினார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். வீடும் கடையும் வேலைப்பதிவும் எரிந்துபோன இந்த மக்களிடம்தான் பிறகு சான்று கேட்கப்பட்டது.

விடுதலை பெற்ற பர்மாவின் 1947 அரசியலமைப்பை இங்கே நேர்மையாகப் படிக்க வேண்டும். அதன் 11ஆவது பிரிவின் ஒரு கூறு, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் பிறந்து, அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன் பத்தாண்டுகளில் எட்டாண்டு பர்மாவில் வாழ்ந்தவர் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது. அந்தப் பத்தாண்டை 1942 ஜனவரி 1க்கு முன்பாகவும் கணக்கிடலாம் என்று சேர்த்தது. போருக்கு ஓடியவர்கள் தண்டிக்கப்படக் கூடாது என்ற எண்ணம் இதில் தெளிவாக இருக்கிறது. பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானின் தலைமுறையை இந்தியப் பகைவர்கள் என்று மொத்தமாகத் தீட்டுவது அநியாயம். சிக்கல் அதே வாக்கியத்தின் இறுதியில் இருந்தது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் உடையவர், சட்டம் குறிக்கும் முறையில், சட்டம் குறிக்கும் காலத்துக்குள் தம் தேர்வைத் தெரிவிக்க வேண்டும். 1948இன் குடியுரிமைத் தேர்வுச் சட்டம் அந்த முறையை நீதிமன்ற விண்ணப்பமாக்கியது. விண்ணப்பிக்காதவர் அயலார். அயலாரானதும் அயலார் பதிவுச் சான்று வாங்கி, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கிடையே 1947 ஜூனில் வந்த குடியேற்ற அவசரச் சட்டம், அனுமதிச் சீட்டோ விசாவோ இல்லாத அயலார் நுழையக் கூடாது என்றது. 1942இல் ஓடி வந்து தமிழ்நாட்டில் காத்திருந்தவருக்கு அரசியலமைப்பு திறந்த கதவை இந்தச் சட்டம் பாதி மூடியது: தேர்வைத் தெரிவிக்க அங்கே இருக்க வேண்டும், அங்கே போகவோ முதலில் அனுமதி வேண்டும்.

அவர்கள் விரும்பியிருந்தால் விண்ணப்பித்திருப்பார்களே, மனம் எப்போதும் இந்தியாவிலேயே இருந்தது என்று ஒரு மறுப்பு உண்டு. இதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு வெளிநாட்டு இந்தியர் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமக்களாகலாம் என்றது. 9ஆவது பிரிவு வேறு குடியுரிமையை விரும்பிப் பெற்றவருக்கு அதை மறுத்தது. ஊரில் பெற்றோர், ரங்கூனில் கடை என்று பிளந்திருந்த குடும்பம் தயங்கியதில் வியப்பில்லை. ஆனால் தயக்கத்தை மறுப்பாகப் படிப்பது தவறு. எதையும் செய்யாதிருப்பவர் அயலாராவார் என்று சட்டம் விதித்ததால்தான் தயக்கம் வெளியேற்றத்தில் முடிந்தது. எதையும் செய்யாதிருப்பவர் குடிமகனாகத் தொடர்வார், விரும்பாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம் என்று விதித்திருந்தால், அதே மக்கள், அதே தயக்கம், ஆனால் எதிர்மாறான விளைவு வந்திருக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு நிலத்தைப் பற்றியது. கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார் கைவசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. பொருளாதார மந்தத்தில் கடன் மூழ்கியபின் 1930களின் இறுதியில் 25 விழுக்காடு. சொந்த வயலில் குத்தகைக்காரரான பர்மிய உழவரின் கோபத்தைச் சிறுமைப்படுத்தும் எந்த ஆய்வும் முழுமையானதாகாது. ஆனால் அந்தக் கோபத்துக்கு உரிய மருந்து நிலச் சட்டம்; 1948இன் நில தேசியமயச் சட்டம் அதைச் செய்யவும் செய்தது. குடியுரிமைப் படிவத்தின் சுமையைத் தாங்கியவர்கள் வேறு மனிதர்கள்: மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைக் கூலிகள், தெருவைக் கூட்டியவர்கள், சிறு வியாபாரிகள். வட்டிக்கடைக்காரருக்கு வக்கீல் இருந்தார், கணக்குப் புத்தகம் இருந்தது. கூலிக்காரருக்கு மேஸ்திரியின் நினைவைத் தவிர வேறு பதிவு இல்லை. சான்று கேட்கும் சட்டம் யாரைக் குறிவைத்து எழுதப்பட்டாலும், சான்று இல்லாதவரையே வெட்டுகிறது.

1962 மார்ச் 2இல் ஆட்சியைப் பிடித்த நெ வின்னின் ராணுவ அரசு இந்த அயலார் பட்டியலை உருவாக்கவில்லை; கையில் எடுத்துக்கொண்டது. 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின, மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாயின. இந்த நடவடிக்கைகள் பர்மியரையும் சீனரையும்கூடத் தாக்கின என்பது உண்மை. ஆயினும் கடை போன பர்மியர் அங்கேயே வேறு வாழ்க்கை தேடலாம். அயலார் சான்று வைத்திருந்தவருக்குத் தொழிலோடு தங்கும் காரணமும் முடிந்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் சுமார் 1,44,000 பேர் வந்து சேர்ந்தார்கள். வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கக் குடியிருப்புகள், 1969இல் சென்னைக் கடற்கரை நிலையத்தின் எதிரே எழுந்த பர்மா பஜார், திரும்பிப் போக முயன்று மணிப்பூர் எல்லையில் நின்றுவிட்டவர்களின் மோரே ஊர் ஆகியவை அந்த வரவின் தடங்கள். பர்மாவின் 1982 குடியுரிமைச் சட்டமோ, தங்கியவர்களையும் முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியேறிய குடிமக்கள் என மூன்று தட்டுகளாகப் பிரித்தது. 1948 குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் இணைக் குடிமக்களாயினர்.

இப்போது பழவேற்காடு ஏரிக்குத் திரும்பலாம். 1960இல் சத்தியவேட்டு மக்கள் ஆந்திரத்தவரானபோது யாரும் மனுப் போடவில்லை. நிலத்தோடு மக்களின் நிலையும் தானாக மாறியது. இந்திய அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு எந்த மாநிலத்திலும் குடியிருக்கும் உரிமையைத் தந்தது. ஒரே நாட்டின் இரு மாநிலங்களை இரு நாடுகளோடு ஒப்பிடுவது பொருந்தாது என்று சொல்லப்படலாம். 1937இல் பர்மாவும் இந்தியாவும் ஒரே முடியின் கீழிருந்தன என்பதை முன்பே பார்த்தோம்; தானாகத் தொடரும் நிலையை அன்று எழுதத் தடை இருக்கவில்லை. மேலும், பழவேற்காடே எதிர்ச்சான்றும் தருகிறது. குடியிருப்பு பாதுகாப்பாக இருந்த அதே இடத்தில், எந்தச் சட்டமும் தொடர்ச்சியை உறுதிசெய்யாத மீன்பிடி உரிமை சிதைந்தது. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களின் பாடு முறை, தலைக்கட்டுக் கணக்கின்படி முறைவைத்து வலை கட்டும் இடத்தைப் பகிர்வது. மாநில எல்லையோ நீரின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. எது யாருடைய நீர் என்று இரு மாநில மீனவர்களும் மோதிக்கொண்டது உண்டு. ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் ஏரியைச் சுற்றி வந்தமர்ந்தபோது, பாடு முறையில் இடம் இல்லாத குடிகள் பெருகின. எந்த உரிமை தானாகத் தொடரும் என்று எழுதப்பட்டதோ அது நின்றது, எழுதப்படாதது சச்சரவானது.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது, தானாகத் தொடர்வது, விண்ணப்பித்துப் பெறுவது என்ற இதே இரு வழிகளும் விலகல் ஒப்பந்தத்தில் இருந்தன. ஜெர்மனி, ஸ்பெயின் போன்றவை தம்மிடம் வாழ்ந்த பிரிட்டிஷாரின் உரிமை சட்டத்தாலேயே தொடரும், அட்டை அதற்கு அடையாளம் மட்டும் என்ற வழியை எடுத்தன. பிரிட்டன் விண்ணப்பித்தால்தான் உரிமை என்ற வழியை எடுத்து, 2021 ஜூன் 30ஐக் கெடுவாக வைத்தது. தற்காலிக நிலை பெற்றவர் மறுபடி விண்ணப்பிக்கத் தவறினால் உரிமையே போகும் என்ற விதியை 2022 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்துக்கு முரணானது என்றது. பர்மாவில் அப்படியொரு தீர்ப்பு கேட்க ஒரு தலைமுறைக்கு வாய்க்கவில்லை.

இந்தக் கேள்வி இன்று நம் பக்கம் வந்து நிற்கிறது. பர்மா அகதிகளைக் கண்ட கும்மிடிப்பூண்டி முகாமில் 1990க்குப் பின் ஈழத்தமிழர் வாழ்கிறார்கள். இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன்; இருந்தும், 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் கடவுச்சீட்டுக்காக 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போக வேண்டியிருந்தது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பிறப்பிடம் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019இன் குடியுரிமைத் திருத்தம் இலங்கையைச் சேர்க்கவில்லை. இவர்கள் எப்போது வந்தார்கள், எந்தக் குடும்பத்தில் யார் பிறந்தார்கள், எத்தனை ஆண்டு தங்கியிருக்கிறார்கள் என்ற எல்லா விவரங்களும் மாதந்தோறும் பணக்கொடை வழங்கும் அரசின் முகாம் பதிவேட்டிலேயே இருக்கின்றன. ரங்கூன் கூலிக்காரரிடம் இல்லாத சான்று இங்கே அரசிடமே இருக்கிறது. அதைக் கொண்டு நிலையைத் தானாக வழங்கும் சட்டத்தை எழுத நாடாளுமன்றத்துக்குப் புதிய விசாரணைக் குழு எதுவும் தேவையில்லை.