பிட்டுக்கு வந்த கூலியாள்: ஒரு கடவுளும் கட்டாய வேலையும்

சாவே இல்லாத ஒருவர் மனுஷ வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தால் அதில் அவருக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கற்பனை பல நாடுகளில் உண்டு. கிரேக்கக் கதையில் அப்பல்லோ, ஜீயஸ் கொடுத்த தண்டனையால் அட்மெட்டஸ் என்ற அரசனிடம் மாடு மேய்க்கிறார். நம்மூரில் திருமால் ராமனாக, கண்ணனாகத் தாய் வயிற்றில் பிறந்து வளர்கிறார்.

சிவன் விஷயம் கொஞ்சம் சிக்கல். சைவ மரபில் அவர் கருவில் பிறப்பதில்லை. பிறப்பும் இறப்பும் கழிந்துவிட்டால் மனித வாழ்க்கையில் அனுபவிக்க என்னதான் மிச்சம்? மதுரைக் கதை ஒரு பதில் வைத்திருக்கிறது: பசி, கூலி, தூக்கம், அடி.

கதை நமக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைகையில் வெள்ளம். கரையை அளந்து வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போடுகிறான் பாண்டியன். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுகிறது. வீட்டில் அனுப்ப ஆள் கிடையாது. அப்போது சிவன் கூலியாளாக வருகிறார், உதிர்ந்த பிட்டுதான் கூலி. சாப்பிடுகிறார், ஆடுகிறார், பாடுகிறார், படுத்துத் தூங்குகிறார். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. கோபத்தில் பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி எல்லார் முதுகிலும் விழுகிறது.

நான் ரொம்ப நாளாக யோசித்தது அந்த "வீட்டுக்கு ஒரு பங்கு" என்ற இடத்தைத்தான். பக்திக் கதையாகக் கேட்கும்போது அதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஆனால் கதைக்கு அடித்தளமே அதுதான். வந்திக்கு வந்தது வெள்ளத்தால் வந்த துன்பம் மட்டும் இல்லை. வீடுகளை எண்ணத் தெரிந்து, வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று பார்க்கத் தெரியாத ஒரு கணக்கால் வந்த துன்பமும்கூட.

இது கவிஞர் கற்பனையில் உதித்த ஏற்பாடு இல்லைங்க. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரி, கடமைகளின் பட்டியலில் "வெட்டி" என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். கூலி இல்லாமல் செய்து தர வேண்டிய வேலை என்று பொருள். இன்றைக்கு "வெட்டி வேலை" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில் அந்தப் பழைய பொருளின் நிழல் இருக்கிறது. செய்கிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாத வேலை! ஏரி, வாய்க்கால், கரைகளை ஊரே சேர்ந்து பராமரிக்கும் குடிமராமத்தும் இதற்குப் பக்கத்து வீடு. குடிமராமத்தை ஊர் ஒற்றுமையின் அடையாளம் என்று புகழ்வார்கள். அது உண்மைதான். ஆனால் ஆள் அனுப்ப முடியாதவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு வரி.

கம்பெனி ஆட்சியின் கடைசி ஆண்டில் இதைச் சட்டமாகவே எழுதினார்கள்: 1858ஆம் ஆண்டின் முதலாம் எண் சட்டம், அதாவது மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்தில் உள்ள, உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல் வலுவுள்ள ஆண்களை வேலைக்கு இழுக்கலாம். கூலி உண்டு, மறுத்தால் தண்டனையும் உண்டு. வழக்கப்படி செய்ய வேண்டிய பாசன வேலைக்கு வராவிட்டால் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். இந்தச் சட்டத்தின்படி வெள்ள வேலைக்கு வந்தியைக் கூப்பிட முடியாது. நிலம் வைத்திருக்கிற பெரிய மனிதரையும் கூப்பிட முடியாது என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பின்னணியில் சிவன் செய்ததைப் பார்த்தால் அது வெறும் விளையாட்டாகத் தெரிவதில்லை. வேலை நேரத்தில் பாட்டு, தூக்கம், சாக்குப்போக்கு எல்லாம் கட்டாய வேலைக்கு வந்தவன் எந்தக் காலத்திலும் செய்வதுதான். மலேசியாவின் கெடா மாநிலத்து விவசாயிகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட், 1985இல் வெளியிட்ட நூலில் இந்த மாதிரி மெத்தனத்தையே எளியவர்களின் ஆயுதம் என்றார். கடவுள் மனிதனாக வந்து மாதிரித் தொழிலாளியாக நடந்துகொள்ளவில்லை. கரையில் இருந்த மற்ற ஆட்களைவிடக் கொஞ்சம் மோசமாகவே நடந்துகொண்டார். கதை சொன்னவர்களுக்கு அந்த ஆட்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது அந்த அடி. இதில் பழைய பாட்டும் பிந்தைய புராணமும் வேறுபடுகின்றன. பெரும்பாலான அறிஞர்கள் 9ஆம் நூற்றாண்டில் வைக்கும் மாணிக்கவாசகர், திருவாசகத்தின் திருவம்மானையில் இதை ஓரிரு வரியில் தொட்டுப் போகிறார். மதுரையில் மண் சுமந்தது, கூலி வாங்கியது, அரசனிடம் அடிபட்டது, உடம்பில் புண் ஏற்பட்டது என எல்லாம் அங்கே இருக்கிறது. பிட்டு இன்னொரு பதிகத்தில் வருகிறது. அடி எல்லார் மேலும் விழுந்த செய்தி திருவம்மானையின் அந்த வரிகளில் இல்லை. புண் அவருடையது, அவர்தான் சுமக்கிறார்.

பல நூற்றாண்டுகள் கழித்து பரஞ்சோதி முனிவர் எழுதிய திருவிளையாடற் புராணத்தில், 61ஆவது படலமான மண் சுமந்த படலத்தில், அடி உலகம் முழுக்கப் பரவுகிறது. அரசன், அரசி, மக்கள், விலங்குகள் என்று ஒருவர் பாக்கியில்லை. தத்துவமாகப் பார்த்தால் பெரிய விஷயம்: எல்லா உயிரிலும் இருப்பவனை அடித்தால் எல்லாருக்கும் வலிக்கத்தான் வேண்டும். ஒரு கூலியாள் மேல் விழுந்த அடி அடித்தவனுக்கும் வலித்தது என்பது அழகான நீதியும்கூட. ஆனால் எனக்கு மாணிக்கவாசகர் சொன்னதுதான் நெருக்கம். நிஜத்தில் கூலியாள் பட்ட அடி அவன் முதுகோடு நின்றுவிடும், பக்கத்தில் நிற்பவருக்குக்கூட வலிக்காது. சாகாத ஒருவர் மனித வாழ்க்கையை அனுபவித்தார் என்றால் அந்தத் தனிமையையும் சேர்த்துத்தானே அனுபவித்திருக்க வேண்டும்?

இன்றும் ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை புட்டுத்தோப்பில் இந்த லீலை நடக்கிறது. திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருவார். சுவாமி கையில் தங்க மண்வெட்டி, தங்கக் கூடை. பிரசாதம் பிட்டு. அத்தனை தங்கத்துக்கு நடுவிலும் உதிர்ந்த பிட்டு இடம் பிடித்திருப்பது எனக்குப் பிடிக்கும். கூலி என்னவென்று ஊர் மறக்கவில்லை.

புராணத்தைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் திருவம்மானையைப் படித்துவிட்டு அப்புறம் பரஞ்சோதிக்கு வாருங்கள். அடி பரவுவதற்கு முன்னால் அது ஒருவர் முதுகில் மட்டும் இருந்ததைப் பார்த்துவிட்டு வரலாம்.