"வயசாச்சுல்ல... அப்படித்தான்!": கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை பெரியவர்களை முடக்கும் ஒரு வார்த்தை, எது முதுமை, எது நோய்?

முட்டி வலிக்குது, காது சரியா கேட்கலை, ராத்திரி தூக்கம் வரலை... வீட்டில் பெரியவர்கள் எதைச் சொன்னாலும் நாம் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." பல நேரம் அவர்களே இதைச் சொல்லிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கள்ளக்குறிச்சி நகரில் இந்த வார்த்தையால் தள்ளிப்போவது ஒரு ஆஸ்பத்திரி நடை. கல்வராயன் மலையில் கதையே வேறு. குக்கிராமத்திலிருந்து வெள்ளிமலைக்கோ, மலையிறங்கி கச்சிராயபாளையத்துக்கோ வர வேண்டும். துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும் போகும். அதனால் "வயசாச்சு" என்பது மலையில் சுலபமான சமாதானமாகிவிடுகிறது. கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து சென்னை உயர் நீதிமன்றமே 2024-ல் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது நினைவிருக்கலாம்.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் கணிப்பில் 2031-ல் இது 18.2 சதவீதமாகும். அதாவது ஏறக்குறைய 5 பேரில் ஒருவர்.

எது வயது, எது நோய்?

முடி நரைப்பது, தோல் சுருங்குவது, கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படுவது, பெயர் சட்டென ஞாபகம் வராமல் கொஞ்ச நேரம் கழித்து வருவது... இதெல்லாம் வயது.

நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரென ஆள் அடையாளம் தெரியாமல் உளறுகிறார் என்றால் அது வயது இல்லை. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர்ச்சத்து அல்லது உப்புச்சத்து குறைவது, சர்க்கரை இறங்குவது, பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவதும், படி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குவதும், ஆறு மாதத்தில் இரண்டு முறை கீழே விழுவதும் இதே வகைதான். உடனே காட்ட வேண்டியவை.

பெண்கள் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது. இதற்கு சிகிச்சை இருக்கிறது, பயிற்சியிலேயே பலருக்குக் குறைகிறது. ஆனால் கல்யாணம், கோயில் என வெளியே போவதை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் முடங்குபவர்கள் எத்தனை பேர்!

கண்புரை இன்னொன்று. மங்கலாகத் தெரிவதை வயது என்று விட்டால், அடுத்து நடப்பது வாசல்படியில் தடுக்கி விழுவது. காது விஷயத்தில் நம்மிடம் கேலிதான் அதிகம். டிமென்ஷியா பற்றி லான்செட் இதழின் நிபுணர் குழு 2024-ல் பட்டியலிட்ட, தடுக்க வாய்ப்புள்ள 14 காரணங்களில் காது கேளாமையும் பார்வை இழப்பும் இருக்கின்றன. கேட்காதவர் பேச்சிலிருந்து விலகுகிறார். பேச்சு குறைந்தால் மூளைக்கு வேலை குறைகிறது.

நினைப்புக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்கிறது ஒரு பிரபல ஆய்வு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரிடம் முதுமை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு வைத்திருந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி குழு 2002-ல் வெளியிட்ட முடிவின்படி, முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

சந்தோஷமாக நினைத்தாலே ஆயுள் கூடும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. "இனி என்ன இருக்கு" என்று நினைப்பவர் மாத்திரையை விடுகிறார், நடப்பதை விடுகிறார், வலியைச் சொல்லாமல் விடுகிறார். நினைப்பு உடம்புக்குள் போகும் வழிகளில் இதுவும் ஒன்று.

மலை ஏறி இறங்குறவங்களுக்கு எதுக்கு உடற்பயிற்சி?

நியாயமான கேள்வி. மேட்டுக்காட்டில் சாமை விதைத்து, விறகு சுமந்து வாழ்ந்த மலையாளி பழங்குடிப் பெரியவர்களின் கால் வலு நகரத்துக்காரர்களுக்கு வராது. சிக்கல், வேலையை நிறுத்திய பிறகு தொடங்குகிறது. ஓரிரு வாரம் படுத்தாலே தொடைத் தசை கரைய ஆரம்பிக்கும். வயதானவர்களுக்கு அதைத் திரும்பக் கொண்டுவர மாதங்கள் ஆகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியை சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்கணும். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 11-க்குக் கீழே வந்தால் விழும் ஆபத்து அதிகம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அளவு. குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம். இந்தச் சோதனையேதான் பயிற்சியும். முடிந்த அளவு எழுந்து உட்காருவதை காலை, மாலை செய்தாலே சில வாரங்களில் எண்ணிக்கை ஏறும்.

வாரத்துக்கு 150 நிமிட நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, 65 வயதுக்கு மேல் மூன்று நாள் உடலை நிலைநிறுத்தும் பயிற்சி என்கிறது உலக சுகாதார அமைப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது அந்த மூன்றாவது வகைதான்.

சாமை சாப்பிட்டா சர்க்கரை வராதா?

சிறுதானியத்துக்கு இப்போது நல்ல விளம்பரம். சாமையிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து இருக்கிறது, பாலிஷ் போட்ட அரிசியைவிட நல்லதுதான். ஆனால் மாத்திரைக்கு மாற்று இல்லை. களியை மூன்று உருண்டை சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மரவள்ளிக்கிழங்கும் அப்படியே.

உண்மையில் நம் பெரியவர்கள் தட்டில் குறைவது புரதம். பல் போனதும் கஞ்சி, ரசம் சோறு என்று மாறிவிடுகிறார்கள். குழைய வேகவைத்த பயறு, கொள்ளு, முட்டை, தயிர், பொடித்த வேர்க்கடலை ஏதாவது ஒன்று வேளைக்கு ஒருமுறை சேரணும். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் சேர்க்கவும். கஞ்சிக்கு ஊறுகாயும் கருவாடும் தொட்டுக்கொள்பவர்கள் உப்பைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான் அளவு.

உடம்பு வலிக்கு எதை எடுக்கிறோம்?

இதுதான் இந்த மாவட்டத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டிய விஷயம். நாளெல்லாம் உழைத்த உடம்பின் வலி தெரியாமல் இருக்க சாராயம் என்பது பல குடும்பங்களில் பழக்கம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் இல்லாத சாராயமும் வயதானவர்களைத் தள்ளாட வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தில் தள்ளும்.

இன்னொரு பக்கம், மெடிக்கல் ஷாப்பில் "வலிக்கு ஒரு செட்" வாங்கும் பழக்கம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தினமும் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மூட்டு வலிக்கு முதல் சிகிச்சை தொடைத் தசையை வலுவாக்குவதுதான்.

பிரஷர் மாத்திரையில் நடப்பது இதற்கு நேரெதிர். "இப்ப நல்லா இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஊருக்கு வரும் தன்னார்வலர் யார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு ஆள் இல்லை என்றால்?

பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட, பேரப்பிள்ளைகளோடு மலையில் இருக்கும் தாத்தா, பாட்டிகள் நிறைய. வாரம் ஒருமுறை போன் செய்யும்போது "சாப்டீங்களா" என்பதோடு நிறுத்தாமல் "இந்த வாரம் விழுந்தீங்களா, மாத்திரை தீர்ந்துதா" என்றும் கேளுங்கள்.

முதியோருக்கான இலவச உதவி எண் 14567. சட்ட ஆலோசனை, கைவிடப்பட்டோர் மீட்பு, பென்ஷன் விவரம் எல்லாம் இதில் கிடைக்கும். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மீது 2007-ம் ஆண்டு சட்டத்தின்படி கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை.