நூல்களையும் நூலகரையும் ஒருங்கு சேர்த்தவர்

நூல்நிலையங்கள் பலவற்றில் நூல்களின் முதுகில் எண்களைக் காண்கின்றோம். அவ்வெண்முறையை வகுத்தவர் அமெரிக்கரான மெல்வில் டூயி. அமேர்ஸ்ற் கல்லூரி நூல்நிலையத்திற் பணியாற்றிய அவர், அறிவுத்துறைகளைப் பத்துப் பெரும் பிரிவுகளாக்கி, 1876ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அக்காலத்து நூலகர் பெரும்பாலும் தனித்தனியே உழைத்தனர். ஒருவர் கண்ட வழியை மற்றவர் அறிதல் அரிது. அக்குறை தீர, அவ்வாண்டு ஒற்றோபர் 4ஆம் நாள் பிலடெல்பியாவில் மாநாடொன்று தொடங்கியது. அதனைக் கூட்ட முன்னின்றோருள் டூயியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 24. கூடியோர் 103 பேர். அவருள் 13 பேர் பெண்கள். அமெரிக்க நூல்நிலையச் சங்கம் அங்கேயே பிறந்தது.

பின்னர் கொலம்பியாக் கல்லூரியின் நூலகரான அவர், 1887ஆம் ஆண்டில் அங்கு நூலகர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கல்லூரி மேலிடத்தார் விரும்பாதபோதும் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்.

எனினும், அவர் நடத்திய மனமகிழ் மன்றம் யூதரை விலக்கியது. பெண்களிடம் முறைதவறி நடந்தாரென்ற முறைப்பாடுகளும் எழுந்தன. 2019ஆம் ஆண்டில் அச்சங்கமே தன் பதக்கமொன்றிலிருந்து அவர் பெயரை நீக்கியது.

இளைஞர்களே! ஒருவர் அறிவு பலரறிவாவது கூடுவதனாலேயே. ஆயின், கூட்டத்துக்குக் கதவு திறப்பவர் எவர்க்கும் அதை அடைத்தலாகாது. சங்கம் வளர்ப்போர் டூயியின் வாழ்விற் கற்கவேண்டியவை இவ்விரண்டுமே.