ஆணைமொழியும் மனச்சான்றும்

இறைவனை நம்பாத ஒருவர் இறைவன் பெயரால் ஆணையிடலாமா? 1880-ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தை இக்கேள்வி அலைக்கழித்தது. அதற்குக் காரணமாயிருந்தவர் சார்லஸ் பிராட்லா என்னும் நாத்திகர். அவரை எதிர்த்து நின்றவர்களுள் நம் திருச்சபையின் கர்தினால் ஒருவரும் இருந்தார். ஆகவே இவ்வரலாற்றை அயலார் வீட்டுக் கதையென்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

1833-இல் இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில், ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராயிருந்தவரின் மகனாகப் பிறந்தவர் பிராட்லா. இளமையில் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியராக ஆர்வத்துடன் பணியாற்றினார். ஆயர் உறுதிபூசுதல் வழங்க வரவிருந்த வேளையில், தம் சபையின் 39 கோட்பாடுகளையும் நான்கு நற்செய்திகளையும் ஒப்பிட்டுப் படித்தார். சில இடங்களில் இரண்டும் ஒத்துவரவில்லை என்று அவருக்குத் தோன்றியது. விளக்கம் வேண்டிப் பங்குக் குருவுக்கு மடல் எழுதினார். விளக்கம் வரவில்லை, நாத்திகன் என்னும் பட்டமே வந்தது. ஆசிரியப் பணியினின்று மூன்று மாதம் விலக்கப்பட்டார். பின்னர்ப் பெற்றோரின் இல்லத்தையும் விட்டு வெளியேறினார். மடல் எழுதிய நாளில் அவர் நாத்திகர் அல்லர், ஐயமுற்ற மாணவர்.

பின்னாளில் அவர் உண்மையாகவே நாத்திகரானார். 1866-இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை நிறுவினார். கடவுள் இல்லை என்று அறுதியிட்டுக் கூறுவது தம் நிலை அன்று, 'கடவுள்' என்னும் சொல்லால் பிறர் எதைக் குறிக்கின்றனர் என்பதே தமக்கு விளங்கவில்லை என்பார். அரசியலில் அவர் குடியரசுவாதி. பிறப்பினால் வரும் உரிமைகளை ஏற்காதவர். அதே வேளையில் பொதுவுடைமை பேசியவர்களையும் மேடையேறி எதிர்த்தார். 1877-இல் அன்னி பெசன்ட் அம்மையாருடன் சேர்ந்து குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலை வெளியிட்டு நீதிமன்றம் ஏறினார். அவருடைய கருத்துகள் பலவற்றோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி, அவருடைய கருத்துகளின் சரி தவறுகளைக் கடந்தது.

1880-இல் நார்தாம்ப்டன் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். இறைவன் துணையை வேண்டி ஆணையிடுவதற்கு மாறாக, உறுதிமொழி மட்டும் கூற அவர் அனுமதி கேட்டார். நீதிமன்றச் சாட்சிகளுக்கு அவ்வுரிமை முன்னரே இருந்தது. பாராளுமன்றக் குழுவோ ஒரே வாக்கு வேறுபாட்டில் மறுத்தது. அப்படியாயின் வழக்கமான ஆணையையே கூறுகிறேன், அதன் சமயச் சொற்கள் எனக்குப் பொருளற்றவை, எனினும் என் வாக்கு என்னைக் கட்டும் என்றார். அதுவும் ஏற்கப்படவில்லை. அவையை விட்டு வெளியேற மறுத்ததால் மணிக்கூண்டுச் சிறையில் ஓரிரவு அடைக்கப்பட்டார். 1881 ஆகஸ்டில் காவலர்கள் அவரைப் பலவந்தமாக வெளியே இழுத்துச் சென்றனர். இருக்கை பறிபோகும்போதெல்லாம் நார்தாம்ப்டன் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.

வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் மேனிங் இதில் பிராட்லாவை வன்மையாக எதிர்த்தார். அவர் ஏழைகளின் பகைவர் அல்லர். 1889-இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் அவர்களுக்காக நடுநின்று பேசியவர். இறைவனை ஏற்காத சட்டமன்றம் அறநெறியின் அடித்தளத்தையே இழந்துவிடும் என்பது அவருடைய உண்மையான அச்சம். ஆனால் மற்றொரு கர்தினாலான நியூமன், உறுதிமொழி மசோதாவுக்கு எதிரான விண்ணப்பத்தில் கையொப்பமிட மறுத்தார். ஆணைமொழியிலுள்ள 'கடவுள்' என்னும் சொல்லுக்கு அவையோர் பலர் பலவாறு பொருள் கொள்கின்றனர், அத்தகைய சொல்லைக் காப்பதால் சமயத்துக்குப் பெரிய நன்மை இல்லை என்பது அவர் கருத்து. 2019-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

ஆணைமொழி என்னும் கதவு யாரை வெளியே நிறுத்த அமைக்கப்பட்டது என்பதையும் நாம் நினைவுகூர வேண்டும். 1678-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நற்கருணையைப் பற்றிய கத்தோலிக்க விசுவாசத்தை மறுத்துரைத்தவரே பாராளுமன்றத்தில் அமர முடியும். 1829-இல் அயர்லாந்தின் டேனியல் ஓ'கானல், விசுவாசத்துக்கு மாறான ஆணையைக் கூற மறுத்து அவையினின்று வெளியேறினார். மீண்டும் தேர்தலில் வென்றே உள்ளே வந்தார். யூதரான லயனல் டி ராத்சைல்டு 1847-இல் வென்றும் 1858 வரை காத்திருந்தார். கத்தோலிக்கரையும் யூதரையும் தடுத்த அதே கதவு இப்பொழுது நாத்திகரைத் தடுத்தது. அதைத் தாங்கிப் பிடித்தவர்களுள் ஓ'கானலின் நாட்டுக் கத்தோலிக்க உறுப்பினர்களும் பலர் இருந்தனர். அயர்லாந்துக் குடியானவர்களுக்காகப் பரிந்து பேசியவர் பிராட்லா என்பதை எண்ணும்போது இது வேதனை தருகிறது.

1883-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் உறுதிமொழி மசோதாவைக் கொண்டுவந்தார். அவரோ ஆழ்ந்த பக்தியுள்ள ஆங்கிலிக்கன். அநீதியைச் சமயத்தோடு பிணைத்துக் காட்டினால் மக்கள் சமயத்தையே வெறுப்பர் என்று எச்சரித்தார். ஆயினும் மசோதா 289-க்கு 292 என்னும் வாக்குக் கணக்கில் தோற்றது. இறுதியில் 1886 ஜனவரியில் புதிய அவைத்தலைவர் எவரையும் தடை எழுப்பவிடாமல் பிராட்லாவை ஆணையிட அனுமதித்தார். 1888-இல் அவருடைய முயற்சியாலேயே, விரும்புவோர் உறுதிமொழி கூறலாம் என்னும் சட்டம் நிறைவேறியது.

எஞ்சிய ஆண்டுகளில் அவர் நம் நாட்டுக்காக அவ்வவையில் ஓயாது பேசினார். 1889-இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கும் வந்திருந்தார். 1891 ஜனவரி 27-இல், அவருக்கு எதிராக முன்னர் இயற்றிய தீர்மானத்தைப் பாராளுமன்றம் தன் ஏட்டிலிருந்து நீக்கியது. அவரோ மரணப் படுக்கையில் நினைவிழந்து கிடந்தார். 30-ஆம் நாள் இறந்தார். அவருடைய அடக்கத்துக்குச் சென்றவர்களுள் சட்டம் பயின்றுவந்த காந்தியும் ஒருவர். பக்தியில் திளைத்த அவ்விளைஞருக்கு நாத்திகம் கசந்தது. எனினும் அம்மனிதருக்கு இறுதி மரியாதை செய்ய அவர் தயங்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமயச் சுதந்திரத்தை மனித மாண்பின் மேல் நிறுவியது. நாத்திகம் தோன்றுவதில் நம்பிக்கையாளருக்கும் பங்குண்டு என்று வெளிப்படையாகக் கூறியது. நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையும், கடவுள் பெயரால் ஆணையிடவோ மனமார உறுதிகூறவோ இருவழியும் தருகிறது. ஆண்டவரோ மலைப்பொழிவில் ஆணையிடவே வேண்டாம் என்றார். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிருப்பதே போதும் என்றார். அந்த அளவுகோலைக் கையிலெடுத்தால், பொருள் உணராமல் இறைவன் பெயரைச் சொல்லி இருக்கையில் அமர்ந்தவர்களும் அளக்கப்படுவர். நம்பாததை நம்புவதாக நடிக்க மறுத்தவரும் அளக்கப்படுவார்.

இன்றும் மறைக்கல்வி வகுப்பில் எங்கோ ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கேள்வியோடு எழுந்து நிற்கிறது. அன்று இலண்டனில் ஒரு மாணவனுக்கு எழுதப்படாமற்போன பதில் மடலை, நம் பங்குகளில் நாம் எழுதுகிறோமா?