இறுகிப்போன பிளக்கைக் கழற்றுவது எப்படி?

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருந்த வீடுகளில் பிளக் கழற்றுவது அன்றாட வேலை. பெற்றோல் கிடைக்காத நிலையில், சில துளி பெற்றோலில் எஞ்சினை இயங்கவைத்துப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது முழுதாக எரியாமல் பிளக்கில் கரி படியும். கழற்றித் துடைத்தால்தான் வண்டி ஓடும். அந்த நாளில் பிளக்குக்கு இறுகிப்போக அவகாசமே இருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. விலையோ பலருக்கு எட்டாதது. ஆகவே பழைய கார்களே தொடர்ந்து ஓடுகின்றன. ஆண்டுக்கணக்கில் கழற்றாத பிளக், துருவாலும் கரியாலும் சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொள்கிறது. பலவந்தமாகத் திருப்பினால் பிளக் முறியும். அல்லது ஹெட்டின் புரி அறுந்துவிடும். பிறகு ஹெட்டையே கழற்ற நேரிடலாம். ஹயர் ஓடிப் பிழைப்பவருக்கு அது பல நாள் வருமானம்.

தொடங்கும் முன்

எஞ்சின் நன்றாக ஆறட்டும். அலுமினிய ஹெட்டில் இது மிக முக்கியம். சூட்டோடு கழற்றினால் மென்மையான புரி இழுபட்டு வந்துவிடும். பிளக் வயர்கள் இடம் மாறாதபடி இலக்கமிடுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைச் சைக்கிள் பம்மினால் ஊதி அகற்றுங்கள். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள்.

மொறிஸ் மைனர், ஏ40 போன்ற பழைய கார்களுக்கு 21 மி.மீ. பிளக் ஸ்பானர் பொருந்தும். பிந்திய ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 16 மி.மீ. ஸ்பானர் சரிந்தால் வெள்ளைப் பீங்கான் உடையும். நேராகப் பிடியுங்கள்.

கழற்றும் முறை

இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். அசையாவிட்டால் நிறுத்துங்கள். துரு இளக்கும் ஒயிலைப் பிளக்கின் அடியில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அது தீப்பற்றக்கூடியது, பக்கத்தில் சிகரெட்டோ விளக்கோ வேண்டாம்.

காலையில் கால் சுற்றுக்கும் குறைவாக இடப்பக்கம், பிறகு சற்று வலப்பக்கம். மீண்டும் ஒயில். கிறீச்சென்ற சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்தி இன்னும் ஊறவிடுங்கள். முழுதாகக் கழற்றுமுன் தேங்கிய ஒயிலைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

பிளக்கின் மூலைகள் தேய்ந்து ஸ்பானர் வழுக்கினாலோ, புரியோடு உலோகத் துகள் வந்தாலோ, மேற்கொண்டு முயலாமல் மெக்கானிக்கை அழையுங்கள். முறியாத பிளக்கை எடுப்பது அவருக்கும் இலகு, உங்களுக்கும் செலவு குறைவு.

திரும்பப் பூட்டும்போது

புதிய பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகுங்கள். இடையில் இறுகினால் புரி மாறியிருக்கிறது. கழற்றி மறுபடி தொடங்குங்கள். வாஷர் உள்ள புதிய பிளக் அடியில் முட்டிய பின், ஸ்பானரால் ஏறத்தாழ அரைச் சுற்று போதும். அளவாக இறுக்கிய பிளக் அடுத்த முறை அடம்பிடிக்காது.