ஓய்ந்த சங்குகளும் ஓயாத ஓர் ஆலையும்



"மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை குடுங்க சார், ஆனா ராஜா ராணி கதை வேணாம்" என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். ராஜாக்களை விட்டுவிட்டேன். முதலாளிகளை எடுத்துக்கொண்டேன். ஒரு கம்பெனி நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு நின்று நிலைப்பதும், இன்னொன்று இருந்த இடம் தெரியாமல் போவதும் எதனால்? தலைமையால்தான் என்பார்கள் மேலாண்மைப் பேராசிரியர்கள். அது முழு உண்மையா, பாதி உண்மையா என்று பார்க்க அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. எங்கள் பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி. கிழக்கே கடல். ஊருக்குள் பொம்மபுர ஆதீனத்தின் மடம். வடக்கே போனால் மரக்காணம் உப்பளம், தெற்கே போனால் புதுச்சேரி. கடலுக்குப் போகாதவர்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டே வழி: ஒன்று உப்பளம், இன்னொன்று மில். உப்பளத்து வேலை ஆறு ஏழு மாதம்தான். மழை வந்தால் கை கட்டி உட்கார வேண்டும். மில் வேலை அப்படியல்ல. மாதம் பிறந்தால் சம்பளம், தீபாவளிக்கு போனஸ், பி.எஃப். "மாப்ள மில்லுல இருக்காரு" என்று சொன்னால் பெண் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அந்த மில்களின் கதையிலிருந்து தொடங்குவோம்.

புதுச்சேரியின் பெரிய பஞ்சாலைகள் மூன்று. மூத்தது சவானா மில். 1820-களின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. அடுத்தது 1892-ல் வந்த கெப்ளே மில், பிற்காலத்தில் பாரதி மில். மூன்றாவது 1898-ல் வந்த ரோடியர் மில், ஏ.எஃப்.டி. என்றால்தான் நம் ஜனங்களுக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து போன சரக்கில் முக்கியமானது நீலச் சாயம் தோய்த்த 'கினி' துணி. அது போர்தோ துறைமுகம் வழியாக ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்குப் போனது. அங்கே பிசின் வாங்குவதற்குப் பணத்துக்குப் பதிலாக இந்தத் துணியைத்தான் கொடுத்தார்கள். நம் நெசவாளி நெய்த துணி ஒரு தேசத்தில் காசாகவே புழங்கியது என்றால் பெருமைதானே! ஆனால் அந்தப் பெருமைக்குள்ளேயே பின்னால் வந்த ஆபத்தும் இருந்தது. சந்தை நம்முடையதல்ல, பிரெஞ்சு சாம்ராஜ்யத்தினுடையது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்ததும், பிரெஞ்சுக் காலனிகளை நம்பியிருந்த பழைய ஏற்பாடுகளுக்கு அடித்தளம் ஆட்டம் கண்டது. நல்ல தலைவன் இருந்தாலும் அந்த அடி விழுந்திருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பழியையும் முதலாளி தலையில் போடுவது வரலாறு ஆகாது.

அடி விழுந்தபின் என்ன செய்தார்கள் என்பதுதான் தலைமையின் கணக்கு.

இதற்கு முன்பே ஒரு பாடம் இரத்தத்தில் எழுதப்பட்டிருந்தது. 1936 ஜூலை 30. வேலை நேரத்தைக் குறை, சங்கம் வைக்க உரிமை கொடு என்று கேட்ட தொழிலாளர்கள் மீது சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் மாண்டார்கள். தொழிலாளர்களின் தலைவர் வ. சுப்பையா. அடுத்த ஆண்டே, 1937-ல், 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. ஒரு வருடத்தில் கொடுக்க முடிந்ததை, 12 உயிர் போவதற்கு முன்னால் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? மில் வாசலில் நிற்கிறவனின் பேச்சு மேல்மாடிக்கு எட்டவில்லை. எட்டுவதற்குப் படிக்கட்டே கட்டப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சவானா மில் பின்னாளில் கான்பூரைச் சேர்ந்த சுதேசி காட்டன் மில்ஸ் கம்பெனியின் கைக்குப் போனது. இந்தக் கம்பெனிக்கு மொத்தம் ஆறு ஆலைகள். கான்பூர் ஒன்று, நம் புதுச்சேரி ஒன்று, மற்ற நான்கில் மூன்று உத்தரப் பிரதேசத்தில், ஒன்று ராஜஸ்தானில். வினை கான்பூரில் விளைந்தது. சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்ததில் தொழிலாளர்கள் கொதித்தெழுந்து, 1977 டிசம்பர் 6 அன்று துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. பல உயிர்கள் போயின. 1978 ஏப்ரலில் மத்திய அரசு ஆறு ஆலைகளையும் ஒரே உத்தரவில் எடுத்துக்கொண்டது. ஆலைகளின் சொத்துக்கள் மீது கடன் சுமை ஏற்றி உற்பத்தியைப் பாதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது அரசு சொன்ன காரணம். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. எடுத்துக்கொள்வதற்கு முன் கம்பெனியின் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும் என்று 1981 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. சட்டம் படிக்கும் தம்பிகள் இந்தத் தீர்ப்பை இன்றும் 'இயற்கை நீதி' பாடத்தில் படிக்கிறார்கள். ஆனால் அந்த வழக்கில் வரும் ஆறு ஆலைகளில் ஒன்று புதுச்சேரியில் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

யோசித்துப் பாருங்கள். கான்பூரில் எடுத்த முடிவு. கான்பூரில் நின்ற சம்பளம். அதற்கு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு இப்பால் தறி ஓட்டிக்கொண்டிருந்தவனின் தலையெழுத்தும் சேர்த்து எழுதப்பட்டது. தலைமை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் தலைமையின் குணத்தில் ஒரு பகுதிதான். 1986-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் ஆலைகள் தேசிய உடைமையாயின. தேசியப் பஞ்சாலைக் கழகம், பிறகு புதுச்சேரி அரசு என்று கைமாறிக்கொண்டே வந்தன.

ஏ.எஃப்.டி.யின் கதையும் ஏறத்தாழ இதே தடத்தில்தான். 1980-களில் மூடிக் கிடந்த ஆலையைப் புதுச்சேரி அரசு எடுத்து நடத்தியது. வேலை பிழைத்தது, அது சிறிய விஷயமல்ல, எத்தனையோ பிள்ளைகள் அந்தச் சம்பளத்தில்தான் கல்லூரி வாசலை மிதித்தார்கள். ஆனால் அரசு ஆலை என்றால் நிர்வாக இயக்குநர் நாற்காலி யாருக்கும் சொந்தமில்லை. வருகிற அதிகாரி ஊரையும் தறியையும் தெரிந்துகொள்வதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். பத்து வருஷம் கழித்து இந்த இயந்திரம் என்னவாகும் என்று கவலைப்பட ஒரு ஆள் வேண்டும். அந்தக் கவலை யார் வேலை என்று எந்த ஃபைலிலும் எழுதவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்து கூரையைப் பிய்த்துப் போட்டது. புயலால் ஆலை செத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். அதே புயலில் கூரை பறந்த வீடுகள் எங்கள் பக்கம் எத்தனையோ. அவரவர் கடன் வாங்கியாவது திரும்ப வேய்ந்துகொண்டார்கள். 2020-ல் ஏ.எஃப்.டி. மூடப்பட்டது. அதே ஆண்டில் சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன. மூன்று சங்கும் ஒரே வருடத்தில் ஓய்ந்தன.

இப்போது கடலூர் தாண்டி நெல்லிக்குப்பம் போவோம்.

அங்கே இருக்கிற சர்க்கரை ஆலை 1842-ல் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருக்கும் பாரி கம்பெனி இன்னும் பழையது. தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் 1788-ல் சென்னையில் வியாபாரம் தொடங்கினார். 1824-ல் நம் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்தார். ஒரு ஆளோடு முடிந்திருக்க வேண்டிய கம்பெனி. முடியவில்லை, காரணம், 1819-லேயே ஜான் வில்லியம் டேர் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்திருந்தார். இன்றும் பாரிமுனையில் நிற்கிற கட்டடத்துக்குப் பெயர் டேர் ஹவுஸ். முனைக்கு முதல் ஆள் பெயர், மாளிகைக்கு இரண்டாவது ஆள் பெயர்! தனக்குப் பின்னால் யார் என்று உயிரோடு இருக்கும்போதே தீர்த்துவைத்தவர் கம்பெனிதான் இரண்டு நூற்றாண்டு கடந்தது.

எதிர்ப்பக்கம் ஆர்பத்நாட் கம்பெனியைப் பாருங்கள். சென்னையில் அதைவிடப் பெரிய பெயர் கிடையாது. பென்ஷன் பணம், விதவைகள் பணம் எல்லாம் அங்கேதான். 1906 அக்டோபர் 22 அன்று படுத்துவிட்டது. லண்டன் கூட்டாளியின் ஊக வணிகத்தில் பணம் கரைந்ததும், அதைத் தட்டிக் கேட்க ஆளில்லாமல் போனதுமே காரணம். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த இடிபாட்டிலிருந்து வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முயற்சியில் 1907-ல் எழுந்ததுதான் இந்தியன் வங்கி. பின்னி கம்பெனியும் அதே வருடம் ஆட்டங்கண்டு கைமாறியது. பாரி தப்பித்தது.

ஆனால் பாரிக்கும் தலைமேல் கத்தி தொங்கிய காலம் உண்டு. 1970-களின் இறுதியில் நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. 1981-ல் முருகப்பா குழுமம் அதை வாங்கியது. வாங்கியவர்கள் யார்? பள்ளத்தூர் முருகப்ப செட்டியார் 1900-ல் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் தொடங்கியவர். ஜப்பான் படை வருவதற்கு முன்பே முதலை ஊருக்குத் திருப்பிய குடும்பம். அந்த முன்யோசனை இல்லாத எத்தனையோ செட்டிநாட்டுக் குடும்பங்கள் பர்மாவில் விட்ட சொத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டன. 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். நம்மில் பலர் கல்லூரிக்கு மிதித்து வந்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. அங்கிருந்து வந்ததுதான்.

பாரியை மீட்டதில் முன்னணியில் சொல்லப்படும் பெயர் எம்.வி. சுப்பையா. (சுப்பையா என்ற பெயருக்கும் நம் பக்கத்துத் தொழிற்சாலை வரலாற்றுக்கும் ஏதோ பொருத்தம்! அவர் தொழிலாளர் தலைவர், இவர் முதலாளி.) 2012-ல் பத்மபூஷண் பெற்றவர்.

சர்க்கரைத் தொழிலில் தலைமை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பஞ்சை வாங்கிக் குடோனில் வைக்கலாம். கரும்பை வைக்க முடியாது. வெட்டிய கரும்பு காயக் காய சர்க்கரைச் சத்து இறங்கும். ஒரு நாள், இரண்டு நாளில் அரைத்தாக வேண்டும். அதனால் எந்த விவசாயிக்கு எந்தத் தேதியில் வெட்டு உத்தரவு என்பதில் ஆலையின் உயிர் இருக்கிறது. 1966-ம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்த 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும். நாட்டில் எத்தனை ஆலைகள் இதைக் கடைப்பிடித்தன என்று கரும்பு போட்டவர்களைக் கேளுங்கள்! பணம் நின்றால் விவசாயி அடுத்த வருடம் சவுக்கோ நெல்லோ போட்டுவிடுவான். அப்புறம் ஆயிரம் கோடி இயந்திரம் இருந்தாலும் அரைக்க என்ன இருக்கிறது? ஆக, சர்க்கரை ஆலைத் தலைவனின் நிஜமான முதலீடு வயலில் கிடக்கிறது, அடுத்தவன் வயலில்.

இன்னொன்று, விடவேண்டியதை விடத் தெரிவது. பாரி மிட்டாய் நமக்கெல்லாம் எவ்வளவு பழக்கம்! அந்த மிட்டாய்த் தொழிலை 2004-ல் கொரியாவின் லோட்டே கம்பெனிக்கு விற்றார்கள். பாரிவேர் பீங்கான் தொழிலும் பிறகு ஸ்பெயினின் ரோகாவிடம் போனது. கேட்கிறவனுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் பெயரைக் காப்பாற்றப் போய்ப் பெயருக்குள் இருக்கும் தொழிலை இழந்தவர்களும் உண்டு. குடும்பத்து ஆட்கள் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகி, வெளியே இருந்து வந்த திறமைசாலிகளிடம் பொறுப்பைக் கொடுக்கும் ஏற்பாட்டை 1990-களின் இறுதியில் செய்தார்கள். 2001-ல் சுவிட்சர்லாந்தின் ஐ.எம்.டி. நிறுவனம் குடும்பத் தொழிலுக்கான விருதைக் கொடுத்தது.

விருதோடு நிறுத்தினால் அது விளம்பரம் ஆகிவிடும். எம்.வி. முருகப்பன் 2017-ல் மறைந்தபின், அவருடைய பங்குக்கு உரிய மகளுக்கு ஹோல்டிங் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் இயக்குநர் குழுவில் இடம் உண்டா என்ற பிரச்சினை எழுந்தது. 2020-ல் பங்குதாரர்கள் ஓட்டெடுப்பில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. 2023-ல்தான் சமரசம் ஆயிற்று. வெளியாளுக்குக் கதவு திறந்த வீட்டில், வீட்டுப் பெண்ணுக்குத் திறக்க இத்தனை தயக்கமா என்று நம் மாணவிகள் கேட்டால் அது நியாயமான கேள்வி.

இந்தச் சமயத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஜிம் காலின்ஸ் பற்றி ஒரு வார்த்தை. நிலைத்த கம்பெனிகளின் இரகசியம் பற்றி அவர் எழுதிய புத்தகங்கள் எம்.பி.ஏ. வகுப்புகளில் வேதம் போல. 2001-ல் வந்த 'குட் டு கிரேட்' நூலில் அவர் மெச்சிய சர்க்யூட் சிட்டி 2008-ல் திவாலானது. ஃபேனி மே அதே ஆண்டில் அரசின் கைக்குப் போனது. தலைமை இலக்கணத்தை எழுதலாம். ஆனால் இன்றைக்கு நன்றாக இருக்கும் கம்பெனியைப் பார்த்து எழுதினால் நாளைக்குச் சிரிப்பார்கள். அதனால்தான் எனக்கு எங்கள் மரக்காணத்து உப்பளக்காரர் மேல் மதிப்பு அதிகம். மழை விட்டதும் சேறு வாரி, வரப்பு கட்டி, பாத்தியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார். அந்தச் சமயத்தில் ஒரு கல் உப்பு கிடையாது, கூலி மட்டும் போகும். ஆனால் அந்த மிதியைக் குறைத்தவன் சித்திரை வெயிலில் சேறு கலந்த உப்பைத்தான் வாருவான். நம் மில்களில் அந்த மிதி எந்த வருடத்தில் நின்றது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டறிக்கைகளில் அது இருக்காது. பழுது பார்க்கும் பிரிவின் பதிவேடுகளிலும், சம்பளப் பட்டியல்களிலும், ஆட்களின் நினைவிலும்தான் இருக்கும்.

ஏ.எஃப்.டி. திடலை நம் மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2024-ல் புதுச்சேரி பஸ் நிலையத்தில் வேலை நடந்தபோது தற்காலிக பஸ் நிலையம் அங்கேதான் இயங்கியது. பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகளில் பலருக்கு அது என்ன இடம் என்றே தெரியாது. நம் முன்னாள் மாணவர்களில் மில் கணக்குப் பிரிவிலும், டைம் ஆபீசிலும், தொழிற்சங்கத்திலும் இருந்தவர்கள் உண்டு. நெல்லிக்குப்பத்தில் கரும்பு அலுவலராக ஓய்வு பெற்றவர்களும் இருக்கக்கூடும். வயது ஏறிக்கொண்டிருக்கிறது ஐயா. கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு பக்கம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் சொன்னால் போதும். வரலாற்றுத் துறைத் தம்பிகள் இரண்டு பேரோடு நானே வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறேன்.