டிராமுக்கு வழிவிட்ட காந்த ஊசி

சென்னையில் மின்சார டிராம் 1895-லேயே வந்துவிட்டது. பம்பாயில் அப்போதும் குதிரை டிராம்தான். 1900 வாக்கில் அங்கேயும் மின்சாரம் என்று முடிவானபோது கொலாபா ஆய்வகத்துக்குச் சிக்கல் வந்தது. 1840-களிலிருந்து பூமியின் காந்தப்புலத்தை அளந்துவந்த இடம் அது. இயக்குநர் நானாபாய் மூஸுக்குத் தெரியும்: டிராம் ஓடினால் அந்தப் பதிவுகள் கெட்டுவிடும்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே தொங்கும் கம்பியில் 100 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மட்டுமே 100 மீட்டர் தள்ளி 200 நானோடெஸ்லா காந்தப்புலத்தை உண்டாக்கும். மூஸ் அளக்க வேண்டிய அன்றாட ஏற்ற இறக்கமோ சில பத்து நானோடெஸ்லாதான். ஆனால் போன மின்னோட்டம் திரும்பியாக வேண்டும், இல்லையா? 5 மீட்டர் கீழே தண்டவாளம் வழியாக முழுசாகத் திரும்பினால், இரண்டு புலங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுமார் 10 நானோடெஸ்லாவாகக் குறையும். தண்டவாளமோ மண்ணில் கிடக்கிறது. மின்னோட்டத்தின் ஒரு பங்கு மண்ணுக்குள் கசிந்து, ஊர்சுற்றித்தான் வீடு திரும்பும். போகிற பாதைக்கும் திரும்புகிற பாதைக்கும் நடுவே வளையம் பெரிதாகப் பெரிதாகத் தொந்தரவும் கூடும்.

மூஸ் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, அலிபாகில் இரும்பைத் தவிர்த்து ஒரு கட்டடம் எழுப்பினார். 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிட்டார்கள். 1907-ல் பம்பாயில் மின்சார டிராம் ஓடியது. காந்தப் பதிவு அறுபடவில்லை. அலிபாகில் இன்றும் தொடர்கிறது.

சர்க்யூட் போர்டு வடிவமைக்கக் கற்பவர்கள் முதலில் தடுக்கி விழுவதும் இதே இடத்தில்தான். வரைபடத்தில் கிரவுண்ட் குறியைப் போட்டதும் வேலை முடிந்த மாதிரி தோன்றும். ஆனால் வேகமான சிக்னலின் திரும்பும் மின்னோட்டம், தன் தடத்துக்கு நேர்கீழே கிரவுண்ட் தளத்தில் ஒட்டிக்கொண்டே வரப் பார்க்கும். அங்கே நாம் ஒரு பிளவு வெட்டியிருந்தால் அதைச் சுற்றித்தான் வர வேண்டும். வளையம் விரிகிறது, போர்டு ஆண்டெனா ஆகிறது. பம்பாய் மண்ணில் நடந்தது இங்கே சில மில்லிமீட்டருக்குள் நடக்கிறது. அதனால்தான் கிரவுண்டை வெட்டாதே, தடத்தை அதன்மேலேயே ஓட்டு, லேயர் மாறினால் பக்கத்திலேயே திரும்பும் வழியும் கொடு என்கிறார்கள்.

கொலாபாவில் விலகிப் போனது பாதிக்கப்பட்டவர். ரேடியோ வீட்டுக்கு வீடு வந்த பிறகு அது சாத்தியப்படவில்லை. 1934-ல் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு உருவானது. இரைச்சலுக்கான வரம்பு இரைச்சல் போடுகிறவருக்கு என்றானது. 1979-ல் அமெரிக்கா கணினிகளுக்கும் வரம்பு விதித்தது. இன்று சென்னைத் தரமணியில் உள்ள சமீர் மையத்திலும் கருவிகளை இப்படிச் சோதிக்கிறார்கள்.

காந்தமானிக்குப் போக ஓர் அலிபாக் இருந்தது. ஐசியுவில் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கும் வென்டிலேட்டரும் மானிட்டரும் இன்ஃப்யூஷன் பம்பும் எங்கே போகும்? அவை அடுத்தடுத்து நின்றே ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும்.